குழந்தைக்கு லேடி டாக்டர்தான் வேண்டுமா?

"குழந்தைக்குப் பல் பார்க்க வேண்டும், லேடி டாக்டர் இருக்கிறாரா?" இந்தக் கேள்வி காதில் விழாமல் எனக்கு ஒரு வாரமும் கழிவதில்லை. குழந்தைகளுக்குப் பல் மருத்துவம் பார்க்கும் பெண் நான். இதைக் கேட்டு மகிழ வேண்டியவள். ஆனால் கோபம்தான் வருகிறது.

ஏனென்றால், தொழிலுக்கு வந்த புதிதில் நான் சாந்தமான டாக்டராக இருக்கவில்லை. ஐந்து வயதுப் பையன் ஒருவன், கடைவாய்ப் பாற்பல்லில் ஆழமான சொத்தை. அவன் தலையை ஆட்ட ஆட்ட என் குரல் உயர்ந்தது. அம்மா கைகளைப் பிடித்துக்கொண்டார், நான் அதட்டிக்கொண்டே வேலையை முடித்தேன். முடித்துவிட்டேன் என்ற பெருமைகூட இருந்தது. அடுத்த முறை அவன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வர மறுத்தான். அந்தப் பயத்தை அவனுக்குக் கொடுத்தது ஒரு பெண்ணின் கை, என் கை.

அந்தப் பையனை மீண்டும் நாற்காலியில் உட்கார வைத்தவர் என்னுடன் பணியாற்றிய ஆண் மருத்துவர். ஆறடி உயரம், கனத்த குரல். முதலில் முகக்கவசத்தைக் கழற்றினார். முக்காலியைத் தாழ்த்தி, பையனின் கண்மட்டத்துக்கு இறங்கி உட்கார்ந்தார். பல்லைத் துலக்கும் சுழல் பிரஷ் என்ன செய்யும் என்று சொன்னார், அதை அவன் விரல் நகத்தில் சுழற்றிக் காட்டினார், அதற்குப் பிறகே வாய்க்குள் கொண்டுபோனார். சொல், காட்டு, செய். 1959-இல் அடெல்ஸ்டன் என்ற பல் மருத்துவர் எழுதிவைத்த முறை இது. நானும் தேர்வுக்காகப் படித்ததுதான்.

"கையைத் தூக்கினால் நிறுத்திவிடுவேன்" என்றும் சொன்னார். பையன் சோதித்துப் பார்த்தான். தூக்கினான், நிறுத்தினார். மறுபடி தூக்கினான், மறுபடி நிறுத்தினார். மூன்றாவது முறை கை எழவில்லை. அந்தக் கனத்த குரல் கடைசிவரை ஒருமுறைகூட உயரவில்லை. குழந்தை அழ அழ அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டே போனார். அதைக் கேட்பதற்காகவே அவன் அழுகையை நிறுத்தினான்.

எங்கள் துறையின் கடந்த காலமும் அவ்வளவு மென்மையானதன்று. வீறிட்டு அழும் குழந்தையின் வாயைக் கையால் பொத்துவது ஒரு காலத்தில் கற்பிக்கப்பட்ட உத்தி. அமெரிக்கக் குழந்தைப் பல் மருத்துவ அகாடமி தன் வழிகாட்டு நெறிகளிலிருந்து அதை நீக்கியது 2006-இல்தான். பொத்தியது ஆணின் கையா பெண்ணின் கையா என்பதில் அந்தக் குழந்தைக்கு என்ன வேறுபாடு இருந்திருக்கும்?

1962 முதல் ஃபிராங்கல் அளவுகோல் என்று ஒன்று இருக்கிறது. நாற்காலியில் குழந்தை எப்படி நடந்துகொண்டது என்பதற்கு ஒன்றிலிருந்து நான்குவரை மதிப்பெண். அன்று அந்தப் பையனுக்கு நான் எழுதியது ஒன்று, ஆகக் கீழான மதிப்பெண். டாக்டர் எப்படி நடந்துகொண்டார் என்று எழுத அந்த அட்டையில் இடமே இல்லை.

'பெண் என்றால் பொறுமை' என்ற நம்பிக்கையால் அழும் குழந்தைகள் அனைவரும் பெண் மருத்துவரின் நாற்காலிக்கே வந்து சேர்கிறார்கள். ஐந்து நிமிட வேலைக்கு அரை மணி நேரம் பேசிப் பழக்கியது எந்தக் கணக்கிலும் வருவதில்லை. தாய்மைக் குணம் என்று சொல்லிவிடுகிறார்கள். பல ஆண்டுகள் தடுமாறிக் கற்ற திறமை அது ஐயா! இன்னொரு பக்கம், "குழந்தையா, மேடத்திடம் அனுப்புங்கள்" என்று ஒதுங்கும் ஆண்கள் கடைசிவரை கற்பதே இல்லை. கற்றுத் தேர்ந்தவரையோ பூச்சாண்டியாக்குகிறீர்கள். "அழுதால் அந்த டாக்டரிடம் விட்டுவிடுவேன்" என்று ஒரு தந்தை சுட்டிக்காட்டியது எனக்கு அத்தனையும் கற்றுக்கொடுத்த அதே மனிதரை.

சில குழந்தைகள் ஆண்களைக் கண்டாலே நடுங்குவதற்குக் காரணம் இருக்கலாம். அவர்களுக்குப் பெண் மருத்துவரைக் கேளுங்கள். யாரும் ஏன் என்று கேட்கக் கூடாது.

மற்றபடி, வரவேற்பில் வேறு கேள்விகளைக் கேளுங்கள். செய்வதற்கு முன் குழந்தைக்குக் காட்டுவீர்களா? கை தூக்கினால் உண்மையிலேயே நிறுத்துவீர்களா? அவசரமில்லாத வேலை என்றால், இன்று முடியாதபோது இன்னொரு நாளுக்குத் தள்ளிவைப்பீர்களா? நான் பக்கத்தில் உட்காரலாமா? இவற்றுக்கு முகம் சுளிக்காமல் பதில் சொல்பவர் ஆணாக இருந்தால், தயங்காமல் அவரிடமே குழந்தையை உட்கார வையுங்கள்.