பொம்மைதானே என்று இனி என்னிடம் சொல்லாதீர்கள்

வெளிநாடு போனால் சிங்கப்பூர் முஸ்தபாவில் நடுச்சாமம் தாண்டியும் சாமான் பார்க்கலாம். நகைக்கடை நகைக்கடையாக ஏறி இறங்கலாம். எங்கள் அத்தான் மெல்பேர்னில் செய்ததுபோல, ஆட்டம் எதுவும் நடக்காத நாளில் டிக்கெட் எடுத்து கிரிக்கெட் மைதானத்துக்குள் போய், வெறும் புல்லையும் கதிரைகளையும் பார்த்து அரைநாளைக் கழிக்கலாம். ஊருக்கு வந்து அந்தப் படங்களை வருவோர் போவோர் எல்லோருக்கும் காட்டலாம். ஒருவரும் ஒரு சொல் சொல்லமாட்டார்கள். ஆனால் நாற்பது வயது தாண்டிய ஒரு பெண், "எனக்கு இங்கே ஒரு பொம்மை ஷோரூம் பார்க்க வேணும், இரண்டு மணித்தியாலம் தாங்கோ" என்று கேட்டுவிட்டால் போதும். ஆளை ஆள் பார்த்துச் சிரிப்பு. "உனக்கென்ன விசரா?"

வயிறு எரிகிறது. எவ்வளவு காலத்துக்குத்தான் இதைக் கேட்டுக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருப்பது?

நான் திருகோணமலையில் இருந்துகொண்டு பொம்மை சேர்க்கிறவள். கடைவாசலில் பிளாஸ்டிக் பையில் தொங்குகிற பொம்மை இல்லை. கியோட்டோவில் தொடங்கிய வோக்ஸ் என்ற ஜப்பானிய நிறுவனம் 1999 முதல் செய்துவரும் சூப்பர் டால்ஃபி வகை. பெரியது ஏறக்குறைய இரண்டடி உயரம். உடம்பு பொலியுரேதேன் ரெசின் என்ற கெட்டியான பிளாஸ்டிக் வகையில் வார்த்தது. முழங்கை, முழங்கால், இடுப்பு, கழுத்து எல்லாம் பந்து மூட்டுகள். உள்ளே ஓடும் இலாஸ்டிக் நாடாதான் அத்தனை துண்டுகளையும் இழுத்துப் பிடித்து வைத்திருக்கிறது. அதனால்தான் அது நிற்கும், உட்காரும், தலையைச் சரித்துப் பார்க்கும். கண்ணைக் கழற்றி வேறு கண் வைக்கலாம். தலைமுடியை மாற்றலாம். முகத்துக்குத் தீட்டுகிற வண்ணம் கைவேலை: பாஸ்டல் தூளைத் தூரிகையால் தொட்டுத் தொட்டுப் பூசி, ஒவ்வொரு இமை மயிராகக் கோடு இழுத்து, மேலே பளபளப்பில்லாத ஒரு ஸ்பிரே அடித்து நிறுத்துவார்கள். உதட்டோரத்தில் அரை மில்லிமீட்டர் கோடு கூடினால் சிரிக்கிற முகம் அழுகிற முகமாகிவிடும். இதைச் செய்கிறவர்கள் சிற்பிகள், ஓவியர்கள். இது எனக்குத் தெரிந்த நாளிலிருந்து அந்த வேலையை நேரில் பார்க்கவேண்டும் என்று ஆசைப்பட்டேன். தவறா?

ஒசாகாவில் தம்பி வேலை செய்கிறான். அக்கா, அத்தான், தம்பி மனைவியின் அப்பா அம்மா (எங்களுக்கு மாமா, மாமி), பிள்ளைகள் என்று ஒரு பட்டாளமாகப் போனோம். எல்லோரும் கேட்ட இடத்துக்கும் நானும் போனேன். மாமா கோட்டை பார்க்க வேண்டும் என்றார், போனேன். அக்கா மலிவு விலைக் கடைகளில் ஒவ்வொரு தட்டாக இறங்கி ஏறினாள், பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நின்றேன். முகம் கோணவில்லை. பயணம் என்றால் அப்படித்தான், ஒவ்வொருவருக்கும் ஒரு விருப்பம். நான் கேட்டது ஒரே ஒரு இடம். கியோட்டோவின் அராஷியாமாப் பக்கம், தென்ஷி நோ சாத்தோ. சூப்பர் டால்ஃபிக்கென்றே வோக்ஸ் நடத்தும் இடம். ஜப்பானியத் தோட்டம் ஒன்றும் சேர்ந்தது. மூங்கில் காட்டையும் டொகெட்சுக்யோ பாலத்தையும் பார்க்க எப்படியும் அந்தப் பக்கம்தான் போகிறோம். தனியாக யாரையும் அலைக்கழிக்கவில்லை.

மூங்கில் காட்டில் செல்ஃபி எடுத்தே பொழுது போனது. ஒரே மூங்கில், ஒரே பாதை, சட்டையை மாற்றி மாற்றிப் படம். நான் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்புறம் என் முறை வந்தபோது, "சரி, கெதியா பார்த்திட்டு வா, பத்து நிமிஷம்" என்கிறார் அத்தான். பத்து நிமிடம்! மெல்பேர்ன் மைதானத்தின் வெறும் கதிரைகளுக்கு அரைநாள் கொடுத்த மனிதர்.

நான் உள்ளே போய்க் கொஞ்ச நேரத்தில், "வெளியில குளிருது" என்று பின்னாலேயே எல்லோரும் வந்துவிட்டார்கள். உள்ளே எவ்வளவு அமைதி. ஒரு மேசையில் அறுபது வயதுக்கு மேல் மதிக்கத்தக்க ஒரு அம்மா, தன்னுடைய பொம்மையையும் கூடக் கொண்டுவந்திருந்தார். அங்கே அது வழக்கம். பொம்மை வைத்திருப்பவர்கள் அதைத் தாய்வீட்டுக்குக் கூட்டிவருவதுபோல் கொண்டுவருவார்கள். மடியில் வைத்து, விரல் நுனியால் அதன் நெற்றி முடியை ஒவ்வொரு இழையாக ஒதுக்கிக்கொண்டிருந்தார். சட்டைக் கழுத்தில் அவரே தைத்த சின்னச் சின்னப் பூவேலை. ஊசி போன இடம்கூடத் தெரியாத தையல். நான் அதைப் பார்த்தபடி நின்றேன்.

அந்த நேரம் பார்த்து மாமி சத்தமாகச் சொல்கிறார்: "பாவம், பிள்ளைகுட்டி இல்லாத மனுசி போல." உடனே பின்னால் கொல்லென்று ஒரு சிரிப்பு.

தமிழில் சொன்னால் அந்த அம்மாவுக்கு விளங்காது என்ற தைரியம். சிரிப்பு விளங்காதா? விரல் நீட்டிக் காட்டியது விளங்காதா? அவர் ஒருமுறை நிமிர்ந்து எங்களைப் பார்த்தார். பிறகு பொம்மையைக் கொஞ்சம் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார். எனக்கு நிலத்துக்குள் புதைந்து போகலாம் போல் இருந்தது. முன்பின் தெரியாத ஊரில், முன்பின் தெரியாத ஒரு பெண்ணை, அவர் ஆசையாக வைத்திருக்கும் ஒன்றுக்காகச் சிரிக்க உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது?

இந்தப் "பிள்ளை இல்லாத குறை" கதை எனக்கும் புதிதில்லை. என் முதுகுக்குப் பின்னால் என்னைப் பற்றியும் கதைத்திருக்கிறார்கள். எனக்கு மகன் இருக்கிறான், ஏ.எல். படிக்கிறான். இல்லாவிட்டாலும் அது உங்களுக்குத் தேவையில்லாத கதை. பிள்ளை இல்லாத ஒரு பெண் பொம்மை வைத்திருந்தால் அது நோயா? முத்திரை சேர்க்கும் ஆணைப் பார்த்து "பாவம், கடிதம் போட ஆளில்லை" என்று யாராவது சொல்கிறீர்களா? பழைய நாணயம் சேர்க்கிறவரைப் பார்த்து "பாவம், காசில்லாத மனுசன்" என்கிறீர்களா? பெண் ஒன்றைச் சேர்த்தால் மட்டும் அவள் வாழ்க்கையில் எங்கே ஓட்டை என்று தேடுகிறீர்கள்.

இதற்கிடையில் மாமா திருகோணமலைக்கு வீடியோ கோல் எடுத்துவிட்டார், ஸ்பீக்கரில். "இங்க பாருங்கோ, உங்கட டீச்சர் எங்க வந்து நிக்கிறா என்று." பிறகு விலை விசாரணை. யென்னை ரூபாயாக்கிக் கணக்குப் பார்த்து, "இந்தக் காசுக்கு ஊரில..." என்று தொடங்கிவிட்டார். ஆமாம், விலைதான். முழுப் பொம்மை பல பத்தாயிரம் யென், சிலது லட்சத்தையும் தாண்டும். 2022இல் எங்கள் ரூபாய் விழுந்த வீழ்ச்சியில் அது மலைபோல் ஏறியதும் உண்மைதான். அதற்காகத்தானே சம்பளத்தில் மிச்சம் பிடித்து, சீட்டுக் கட்டி, காத்திருந்து வாங்குகிறேன்? உங்களிடம் கடன் கேட்டேனா? நல்லாய் வேலை செய்யும் போனை மாற்றி அதைவிடக் கூடிய விலைக்குப் புதுப் போன் வாங்குகிறீர்கள், நான் ஏதாவது கேட்டேனா?

அங்கே தலையின் வடிவம், கண், தோல் நிறம் என்று ஒவ்வொன்றாகத் தெரிவுசெய்து சொந்தப் பொம்மை ஒன்றை உருவாக்கிக்கொள்ளும் முறை இருக்கிறது. நான் பார்க்க ஏங்கியது அதைத்தான். ஒரே அச்சில் வார்த்த தலைக்கு இரண்டு வெவ்வேறு கண்கள் வைத்தால் இரண்டு வெவ்வேறு ஆட்கள் நம்மைப் பார்ப்பார்கள். ஒன்று துடுக்கு, ஒன்று துயரம். அது எப்படி நடக்கிறது என்று பக்கத்தில் நின்று பார்க்கப் போனவளை, "போதும், பசிக்குது, வா" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார்கள். பார்த்தது பாதி. இனி எப்போது போவேனோ.

வெளியே வந்து மாமா இன்னொன்றும் சொன்னார். "இவங்கள்தான் எங்கட ஊருக்குக் குண்டு போட்டவங்கள், இவங்கட பொம்மையைக் கொண்டாடுறாய்." 1942 ஏப்ரல் 9, ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையில் குண்டு போட்ட நாள், எனக்கும் தெரியும். சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளைப் பார்த்து வளர்ந்தவள் நான். ஆனால் மாமாவுக்குத் தெரியாத இன்னொரு கதையும் உண்டு. 1927இல் அமெரிக்காவிலிருந்து நட்புக்கென்று பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்ட பொம்மைகள் ஜப்பானியப் பாடசாலைகளுக்குப் போயின. பதிலுக்கு ஜப்பான் 58 பெரிய பொம்மைகளைச் செய்து அனுப்பியது. பிறகு போர் வந்தது. எதிரி நாட்டுப் பொம்மை என்று எரித்தார்கள், உடைத்தார்கள். பெரும்பாலானவை அழிந்தன. அந்த நேரத்தில் அதிகாரத்துக்குப் பயப்படாமல் சிலவற்றை ஒளித்து வைத்தவர்கள் இருந்தார்கள், பாடசாலை ஆசிரியர்கள் உட்பட. அதனால்தான் முந்நூறு அளவில் இன்றும் மிஞ்சியிருக்கின்றன. நானும் ஆசிரியை. ஒரு பொம்மைக்காக அந்த ஆபத்தை ஏன் எடுத்தார்கள் என்று எனக்கு விளங்குகிறது. அதே கியோட்டோவில் ஹோக்யோஜி என்ற கோவிலில், ஒவ்வோர் ஆண்டும் ஒக்டோபர் 14ஆம் திகதி, பழுதாகிப்போன பொம்மைகளுக்கு நன்றி சொல்லி வழிபாடு நடத்துகிறார்கள். அதைச் சொன்னால் அதற்கும் சிரிப்புத்தான்.

சரி, அங்கே நடந்தது போகட்டும். திரும்பும்போது பெட்டிச் சண்டை. நான் வாங்கியது ஒரு சோடிக் கண்ணும், ஒரு விக்கும், ஒரு சட்டையும். எல்லாம் சேர்த்து ஒரு சப்பாத்துப் பெட்டி அளவு. "அந்தப் பெட்டியை எறிஞ்சிட்டு சாமானை உடுப்புக்குள்ள சுருட்டு, எனக்குச் சொக்லேட் வைக்க இடமில்லை" என்கிறாள் அக்கா. சுருட்டின விக் என்ன ஆகும் என்று இவளுக்குத் தெரியுமா? ஊரிலிருந்து பத்துப் பேர் கொடுத்த பட்டியலுக்குச் சென்டும் சொக்லேட்டும் என் பெட்டியில் சுமக்கலாம், என் சொந்தச் சாமானுக்கு என் பெட்டியில் இடமில்லை!

ஊரில் இதைவிடக் கொடுமை. எங்கள் வெயிலில் ரெசின் மஞ்சள் பிடிக்கும். அதற்காக யன்னலுக்குத் தடித்த திரை போட்டு, வெயில் படாத சுவரோரம் அலுமாரியை வைத்திருக்கிறேன். கடற்காற்றின் ஈரம் வேறு. விக்கில் பூஞ்சணம் வராமல் பார்க்க வேண்டும், இலாஸ்டிக் தளர்ந்தால் கழற்றி மாற்ற வேண்டும். இவ்வளவு பாடுபட்டு வைத்திருப்பதை, விருந்தாக வருகிறவர்கள் கண்டதும் முதல் வார்த்தை: "பிள்ளை கேக்குது, குடுங்கோவன், கொஞ்ச நேரம் விளையாடட்டும்." மாட்டேன் என்றால் முகம் கறுக்கிறது. "பொம்மைதானே? பிள்ளையைவிடப் பெரிசா?" ஒருமுறை நான் குசினியில் தேத்தண்ணீர் போட்டுக்கொண்டிருந்த நேரம் அலுமாரியைத் திறந்து எடுத்துக் கொடுத்தேவிட்டார்கள். மிக்சர் சாப்பிட்ட கை. கன்னத்தில் எண்ணெய்யோடு மஞ்சள் விரல் அடையாளம். அதைத் துடைக்கிறேன் என்று அந்தப் பிள்ளையின் தாய் ஈரத்துணியால் அழுத்தித் தேய்த்ததில் கன்னச் சிவப்பும் ஒரு பக்கப் புருவமும் அழிந்துபோயின. "நல்லா வெளிச்சிட்டுது, பாருங்கோ" என்று சிரித்தபடி என் கையில் தந்தார். அந்த முகத்தை மீண்டும் தீட்ட இங்கே ஆளில்லை. பிள்ளையில் எனக்கு ஒரு கோபமும் இல்லை, அதற்கு என்ன தெரியும்? அடுத்தவர் அலுமாரியைக் கேட்காமல் திறந்த பெரியவர்களைத்தான் சொல்கிறேன். வீணையைத் தூக்கிப் பிள்ளைக்கு விளையாடக் கொடுப்பீர்களா? கமெராவைக் கொடுப்பீர்களா?

இத்தனைக்கும் நாங்கள் பொம்மையை அறியாத சனமா? நவராத்திரிக்குப் பாடசாலையிலும் வீட்டிலும் கொலு வைக்கும்போது படியில் ஒரு மண்பொம்மை சரிந்தால் பதறுகிறோம். பாட்டி காலத்துப் பொம்மை என்று பழந்துணியில் சுற்றிப் பத்திரமாகப் பெட்டியில் வைக்கிறோம். பிள்ளைகள் கை நீட்டினால் "தொடாதே" என்று தட்டிவிடுகிறோம். அப்போது அது கலை, பண்பாடு, மரபு. ஒரு கைவினைஞன் மண்ணில் முகம் பிடித்து வண்ணம் தீட்டினால் மரியாதை, இன்னொரு கைவினைஞன் ரெசினில் அதே வேலையைச் செய்தால் விசர்த்தனம். இந்த நியாயம் எனக்கு விளங்கவே இல்லை.

அதனால் சொல்லிவிடுகிறேன். என் அலுமாரிக்குப் பூட்டுப் போட்டாயிற்று. திறப்பு என் கையில். யார் வீட்டுப் பிள்ளை அழுதாலும் திறக்கமாட்டேன், முகம் கறுத்தால் கறுக்கட்டும். இனிக் கியோட்டோவுக்குப் போனால் தனியாகத்தான் போவேன். கதவு திறக்கும் நேரத்துக்குப் போய், பூட்டும்வரை இருப்பேன். அந்தப் பயணத்துக்கு யாரும் எனக்குச் சாமான் பட்டியல் தரவேண்டாம். என் பெட்டியில் இடமில்லை.