அப்பாயி எங்கே திரும்பினார்?

நீலகிரியில் பந்தலூர்ப் பக்கம் வளர்ந்தவர்களுக்குத் தெரியும், ஜூன் மாதம் பிறந்துவிட்டால் எங்கள் மலையில் துணி காய்வதில்லை. அந்த ஈர விடியல்களில் அப்பாயி, அதாவது என் அப்பாவின் அம்மா, சுடும் தேங்காய் ரொட்டியின் வாசனைதான் என்னை எழுப்பும். மைதாவை அவர் கடைசிவரை கோதுமை மாவு என்றே சொன்னார். செத்தல் மிளகாயோடு அம்மியில் அரைத்த சம்பல் என்னும் தேங்காய்த் துவையலும் பால் கலக்காத தேத்தண்ணியும் உடன் வரும். சீனியைக் கோப்பையில் போட்டுக் கலக்குவது அவருக்கு ஊதாரித்தனம்; உள்ளங்கையில் சிறிது வைத்து, ஒரு மிடறு குடித்து, நாக்கில் ஒரு துளி தொட்டுக்கொள்ள வேண்டும். நானும் அப்படித்தான் பழகினேன். இன்றும் வீட்டில் யாரும் பார்க்காதபோது அப்படித்தான் குடிக்கிறேன்.

மூன்றாம் வகுப்பில் ஒருநாள் ரயிலைக் 'கோச்சி' என்று சொல்லிவிட்டேன். வகுப்பே சிரித்தது; 'சிலோன்காரன்' என்ற பட்டமும் அன்றோடு ஒட்டிக்கொண்டது. அழுதுகொண்டு வந்த என்னிடம் அப்பாயி, "அவங்க ரயில்ல போயிருப்பாங்க தம்பி, நாம கோச்சியிலதான் வந்தோம்" என்றார். அதற்குமேல் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்து உதறிவிட்டு, அட்டை கடித்த இடத்தில் சுண்ணாம்பு தடவ உட்கார்ந்துவிட்டார்.

அவர் பிறந்தது இலங்கை மலையகத்தில், மஸ்கெலியாவுக்கு அருகில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில். அவருடைய அப்பாவும் அங்கேதான் பிறந்தவர். துறையூர்ப் பக்கத்திலிருந்து கப்பலேறியது அதற்கும் முந்தைய தலைமுறை. ஆனால் 1948இல் வந்த இலங்கைக் குடியுரிமைச் சட்டம், தகப்பன் அந்த மண்ணில் பிறந்தவர் என்பதற்குச் சான்று கேட்டது. காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் பேர் போடுவதற்கு மட்டுமே பெயர் எழுதப்பட்ட மனிதர்களிடம் என்ன காகிதம் இருந்திருக்கும்? 1964 அக்டோபரில் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஒப்பந்தம் செய்துகொண்டபோது, நாடற்றவர்களாக நின்ற ஏறத்தாழ 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது என்று முடிவாயிற்று. அந்தக் கணக்கில் ஒருவராக அப்பாயி, இந்தியாவுக்கு அனுப்பப்படுவோருக்குக் கண்டியில் கொடுத்த குடும்ப அட்டையோடு, இடுப்பில் என் அப்பாவைச் சுமந்துகொண்டு, தலைமன்னாரில் கப்பல் ஏறினார். மண்டபம் முகாமில் சில நாள் இருந்தபின் நீலகிரிக்கு அனுப்பப்பட்டார். இப்படி வந்தவர்களுக்காகவே 1968இல் தமிழக அரசு தொடங்கிய தேயிலைத் திட்டம்தான் பின்னர் டான்டீ என்னும் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம் ஆனது. வேலை கிடைத்தது, கூரை கிடைத்தது. அதற்கு அவர் நன்றி மறக்கவில்லை, நானும் மறுக்கவில்லை.

என் வருத்தமெல்லாம் ஒரு சொல்லைப் பற்றியது. பத்தாம் வகுப்பில் சான்றிதழுக்காக ஒரு விண்ணப்பம் நிரப்பியபோது, அதில் இருந்த 'தாயகம் திரும்பியோர்' என்ற தொடரை அப்பாயிக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். கொழுந்துக் கறையில் கறுத்துப்போன விரல்களால் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தவர், நிமிராமலே கேட்டார்: "திரும்புறதுன்னா முன்ன இருந்த எடத்துக்குப் போறதுதானே தம்பி?"

எனக்குப் பதில் தெரியவில்லை. இன்று என் கருத்தைக் கேட்டால், அந்தச் சொல் அவருடைய வாழ்க்கையைத் தலைகீழாகச் சொல்கிறது என்பேன். தாயகத்துக்குத் திரும்பியவர் ஏன் நாற்பது ஆண்டுகளாக, பனி இறங்கும்போதெல்லாம் "நம்ம ஊர்ப் பனி மாதிரியே இருக்கு" என்று இன்னொரு மலையை நினைக்க வேண்டும்? அவர் திரும்பவில்லை, அனுப்பப்பட்டார். அரசுக் கோப்புகளில் அந்தச் சொல் இருந்துவிட்டுப் போகட்டும், ஆனால் எங்கள் பிள்ளைகளே தங்களை அப்படிச் சொல்லிக்கொள்ளும்போது எனக்குச் சுருக்கென்கிறது. சிலோன்காரன் என்று அழைத்தவர்களிடமாவது ஓர் உண்மை இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. சிறுவனாக இருந்தபோது இதைச் சொல்லியிருந்தால் அடித்திருப்பேன்.

பழைய மஸ்கெலியா நகரம் இப்போது மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கத்துக்குள் கிடக்கிறது. அப்பாயி கப்பலேறுவதற்கு முன்பே தண்ணீர் அதை மூடிவிட்டது. வறட்சிக் காலத்தில் நீர்மட்டம் இறங்கினால் பழைய கோயில் வெளியே தெரியும். அப்படித் தெரிந்த ஒரு படம் கைப்பேசிக்கு வந்தபோது அவரிடம் காட்டினேன். கண்புரை விழுந்த கண்களுக்கு மிக அருகில் பிடித்து, வெகுநேரம் பார்த்தார். பிறகு திரையின் ஓரத்தில், வெறும் தண்ணீர் மட்டும் தெரிந்த இடத்தில் விரலை வைத்து, "இன்னும் கொஞ்சம் வத்துனா நான் வளையல் வாங்குன கடை தெரியும்" என்றார்.