கன்று கொடுத்தது போதும், ஊரணி வரத்துக்காலைத் திறந்து விடுங்க

போன ஞாயிற்றுக்கிழமை காரைக்குடியில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஊர்ச் சங்கங்கள் சேர்ந்து மாநாடு போட்டிருந்தார்கள். நாள் முழுக்க உள்ளூர்ப் பல்லுயிர், இயற்கைப் பாதுகாப்பு. போனேன். மத்தியானம் போட்ட கவுனி அரிசிக்காகவே இன்னொரு தடவை கூப்பிட்டாலும் போவேன்.

கிளம்பும்போது ஆளுக்கொரு கன்று கையில் கொடுத்தார்கள். பிரித்துப் பார்த்தால் மே ஃபிளவர். மடகாஸ்கர் மரம்! பக்கத்தில் நின்ற அண்ணனிடம் சிரித்துக்கொண்டே காட்டினேன். "அட போடா, உங்க வீட்டு உத்தரம் தூணு எல்லாம் பர்மாத் தேக்குதானே?" என்றார். வாயை மூடிக்கொண்டேன். வெளியிலிருந்து வந்ததை விலக்குவதென்றால் செட்டிநாட்டில் பாதி வீட்டைப் பிரித்துத்தான் ஆகணும். சீமைக் கருவேலத்தைத் திட்டுவதுகூட அது மெக்சிகோப் பக்கத்திலிருந்து வந்தது என்பதற்காகவா? கண்மாயில் ஒருமுறை கால் ஊன்றிவிட்டால் வேறெதையும் நிற்க விடாது, அதுதான் கோபம்.

காலையில் பேசியவர்கள் அமேசானையும் பனிக்கரடியையும் தொட்டுவிட்டு வந்தார்கள். கொள்ளுக்குடிப்பட்டிப் பேச்சையே காணோம். நம்ம திருப்பத்தூர் தாண்டினால் வருகிற அந்த ஊரில்தான் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம், 1977லேயே அறிவித்தது. கண்மாய்த் தண்ணிக்குள் நிற்கிற நாட்டுக் கருவேல மரங்களில் நத்தைகுத்தி நாரையும் பாம்புத்தாராவும் கூடு கட்டும். குஞ்சுகள் மிரளுமே என்று அந்த ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. பிள்ளைகள் கையில் மத்தாப்பைக் கொடுத்துச் சமாளிக்கிற அந்த அப்பா அம்மாவில் ஒருத்தரை மேடை ஏற்றியிருக்கலாம். எங்களுக்கு ஒரு நாள் மாநாடு, அவர்களுக்கு வருஷா வருஷம் தீபாவளி.

மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு பற்றியும் யாரும் வாய் திறக்கவில்லை. 2002ஆம் வருஷப் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். ஊரில் என்ன மரம், என்ன பறவை, எந்த மூலிகை என்று ஊர்க்காரர்களைக் கேட்டு எழுத வேண்டும். கன்று வாங்கிய காசுக்கு நாலு நோட்டு வாங்கி, வந்திருந்த ஆச்சிமார் பக்கத்தில் ஆளுக்கொரு பிள்ளையை உட்கார வைத்திருந்தால் சாயங்காலத்துக்குள் பாதிப் பதிவேடு முடிந்திருக்கும்.

நான் எழுத வந்தது ஊரணி பற்றி. நம்ம ஊர்களில் ஆற்றுத் தண்ணி கிடையாது. குடிக்க ஒரு ஊரணி, குளிக்க ஒரு ஊரணி என்று வெட்டி, செம்பாறாங்கல் படி கட்டி வைத்தார்கள். வீட்டு ஓட்டுச் சரிவு முற்றத்துக்கு இறங்கும். முற்றத்துத் தண்ணி தெருக் காலுக்கு, அதாவது தெரு வாய்க்காலுக்குப் போகும், தெருக் கால் ஊரணிக்குப் போகும். ஊரணிக்கு அதுதான் வரத்துக்கால். 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் ஏறினபோது நாமெல்லாம் பெருமையாகப் பகிர்ந்தோம். அந்தத் தெருக் கால் மேல் இன்றைக்குச் சிமெண்ட் ரோடு. ஊரணி காய்ந்தால் அல்லி போச்சு, தவளை போச்சு, தவளையைத் தேடி வருகிற கொக்கும் போச்சு. கரையில் எத்தனை கன்று நட்டாலும் தண்ணி எங்கிருந்து வரும்?

இதையெல்லாம் மனசுக்குள் மேடை போட்டுப் பேசிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். முற்றத்து ஈசான மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கல் துவாரம் உண்டு. மழை பெய்தால் அப்பத்தா முதலில் தூம்புக்கு அடியில் அண்டாவை வைப்பார்கள். அது நிரம்பி வழிவதெல்லாம் அந்தத் துவாரம் வழியாகக் களகளவென்று தெருவுக்கு ஓடும். இப்போது அந்த இடத்தில் சிமெண்ட் பூச்சு. பெருச்சாளி வருகிறதென்று ஆறு வருஷத்துக்கு முந்தி அடைக்கச் சொன்னது யாரு? நான்தான். முற்றத்துத் தண்ணியைச் சாக்கடைக் குழாயில் திருப்பிவிட்டதும் நான்தான்.

கொத்தனாரிடம் சொல்லியிருக்கிறேன். உடைக்கிறது அரை நாள் வேலையாம், கம்பி வலை போட்டால் பெருச்சாளியும் வராதாம். "துவாரத்தைத் திறந்துடலாம்ணே, அதுக்கு அங்கிட்டு ரோட்டை என்ன பண்ணப் போறீங்க?" என்கிறார். தெருவில் இருபத்திரண்டு வீடு. வருகிற வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலைந்து பேர் எங்க திண்ணைக்கு வர்றதாச் சொல்லியிருக்காங்க. மே ஃபிளவர் கன்று இன்னும் பையோடு அங்கேதான் இருக்கிறது, யாருக்காவது வேணுமானால் எடுத்துக்கலாம்.