டெர்ரே ஹோட்டுக்கு யார் வருவார்கள்?

2024 மார்ச், அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து. டெர்ரே ஹோட் என்ற ஊரின் அணியான இண்டியானா ஸ்டேட் 28 ஆட்டங்களில் வெற்றி, 6-ல் தோல்வி. தேர்வுக்குழு பார்க்கும் நெட் (NET) என்ற தரவரிசையில் முதல் 30-க்குள் இடம். ஆனாலும் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ.வின், 68 அணிகள் ஆடிய சாம்பியன் போட்டிக்கு அழைப்பு வரவில்லை. கண்ணாடி போட்டுக்கொண்டு ஆடிய ராபி அவிலாவுக்காகவே அந்த அணியைப் பார்த்தவன் நான். எனக்கு இன்னும் ஆறவில்லை.

கேட்டால், "யாரை ஜெயித்தார்கள்?" என்பார்கள் தேர்வுக்குழுவினர். சரி, யாரோடு ஆட விட்டீர்கள்? அந்த சீசனில் அலபாமாவோடும் மிச்சிகன் ஸ்டேட்டோடும் ஆடினார்கள். இரண்டுமே எதிராளியின் ஊரில், இரண்டிலும் தோல்வி. அந்த மாதிரி அணிகள் டெர்ரே ஹோட்டுக்குக் கிளம்பி வருவது அபூர்வம். தோற்றால் யார் பதில் சொல்வது? அதற்குப் பதிலாகக் காசு கொடுத்து, சின்ன அணியைத் தங்கள் ஊருக்கே வரவழைத்து அடித்து அனுப்புவார்கள். எப்போதாவதுதான் இந்தக் கணக்குத் தப்பும். 2019 நவம்பரில் அப்போது முதலிடத்தில் இருந்த டியூக்கை அதன் சொந்த அரங்கிலேயே ஸ்டீபன் எஃப். ஆஸ்டின் 85-83 என்று கவிழ்த்தது. ஓவர்டைமின் கடைசி நொடியில் நேதன் பெய்ன் பந்தோடு ஓடிப்போய் லே-அப் போட்டதை எத்தனை தடவை பார்த்திருப்பேன்!

நெட் கணக்கில் வித்தியாசப் புள்ளிகளுக்கு உச்சவரம்பு கிடையாது. நவம்பரில் நோஞ்சான் அணியை 20 புள்ளியில் ஜெயிப்பதைவிட 40-ல் ஜெயிப்பது லாபம். ஆட்டம் முடிந்த பிறகும் முதல் ஐவர் களத்தில் நிற்கிறார்களே என்று திட்டுவோம். அவர்கள் மார்ச்சுக்காக ஆடுகிறார்கள்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. ஒவ்வொரு அணியும் ஒரு கான்ஃபரன்ஸில், அதாவது அணிகளின் கூட்டமைப்பில், இருக்கும்; ஜனவரியில் அந்த கான்ஃபரன்ஸ் ஆட்டங்கள் தொடங்கியதும் உள்ளுக்குள்ளேயே அடித்துக்கொள்வதுதான். ஒருவர் ஏறினால் இன்னொருவர் இறங்குவார். ஆக, மொத்த கான்ஃபரன்ஸின் மதிப்பும் டிசம்பரோடு ஏறக்குறைய உறைந்துவிடும். அப்புறம் பெரிய கான்ஃபரன்ஸில் வாரா வாரம் குவாட்ரன்ட் ஒன் வாய்ப்பு, அதாவது தேர்வுக்குழு மிக உயர்வாக மதிக்கும் வகை ஆட்டம், வாசலுக்கு வரும். வெளியூரில் நெட்டில் 75-வது இடத்து அணியை ஜெயித்தாலே போதும், அது குவாட்ரன்ட் ஒன் வெற்றி. தோற்றாலும் பெரிய நஷ்டமில்லை. இண்டியானா ஸ்டேட் இருக்கும் மிசூரி வேலி என்ற சின்ன கான்ஃபரன்ஸில் ஆடும் அணிக்கோ அப்படிப்பட்ட ஆட்டம் சீசனுக்கு நாலைந்து கிடைத்தால் அதிகம். சறுக்கினால் மட்டும் அடி பலமாக விழும்.

2025-ல் எஸ்.இ.சி. என்ற பெரிய கான்ஃபரன்ஸின் 16 அணிகளில் 14-க்கு என்.சி.ஏ.ஏ. போட்டியில் இடம் கிடைத்தது. நியாயமாகச் சொன்னால், அவர்கள் முந்தைய டிசம்பரில் இன்னொரு பெரிய கான்ஃபரன்ஸான ஏ.சி.சி.யை 14-2 என்று நொறுக்கியவர்கள். கடைசியில் கோப்பையும் எஸ்.இ.சி.யின் ஃப்ளோரிடாவுக்குத்தான். திறமை இல்லை என்று நான் சொல்லவில்லை. அதைக் காட்ட அவர்களுக்குக் கிடைத்த மேடை மற்றவர்களுக்குக் கிடைக்கவில்லை என்கிறேன். பிப்ரவரியில் இரண்டு தேதிகளை என்.சி.ஏ.ஏ. தன் கையில் வைத்துக்கொண்டு, அப்போதைய தரவரிசையைப் பார்த்து, பெரிய அணிகளைச் சின்ன ஊர்களுக்கு அனுப்பட்டுமே.

2024 மார்ச்சிலேயே அப்படி நடந்தது, ஆனால் என்.சி.ஏ.ஏ. போட்டிக்கு அழைப்பு கிடைக்காத அணிகள் ஆடும் என்.ஐ.டி. போட்டியில். அங்கே யார் ஊரில் ஆட்டம் என்பதைப் பயிற்சியாளர்கள் முடிவு செய்ய முடியாது. பிக் டென் என்ற பெரிய கான்ஃபரன்ஸின் மின்னசோட்டா டெர்ரே ஹோட்டுக்கு வந்து தோற்றது. அடுத்து இன்னொரு பெரிய கான்ஃபரன்ஸான பிக் 12-ன் சின்சினாட்டி வந்தது. அதுவும் தோற்றுத்தான் போனது.