காரின் அடிப்பாகத்தைக் குனிந்து பார்த்தவர் எத்தனை பேர்?

எங்கள் கிருஷ்ணகிரியில் பழைய கார் வாங்கப் போகிறவர்கள் பெயின்டைப் பார்க்கிறார்கள், ஓடிய கிலோமீட்டரைப் பார்க்கிறார்கள், ஏ.சி.யைப் போட்டுப் பார்க்கிறார்கள். குனிந்து அடிப்பாகத்தைப் பார்ப்பவரை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். நானும் அப்படிப் பார்க்காமல் ஏமாந்தவன்தான் என்பதால் இதை ஏளனமாகச் சொல்லவில்லை. கனடாவில் டொரன்டோவுக்கு அருகே மகன் வீட்டில் ஒரு குளிர்காலம் முழுவதும் தங்கியிருந்தபோதுதான், என் ஏமாற்றத்துக்கான காரணமே எனக்குச் சரியாக விளங்கியது.

போவதற்கு முன்பு இங்கிருந்தபடியே அவனுக்கு வாட்ஸ்அப்பில் ஏராளமாக அறிவுரை சொல்லியிருக்கிறேன். குளிரில் வண்டியைக் கழுவாதே, வெளியே பனியில் நிறுத்தாதே, கதகதப்பான இடமாகப் பார்த்து நிறுத்து என்பேன். மார்கழிக் காலையில் கண்ணாடியில் படிந்திருக்கும் ஈரத்துக்கும் பனி என்றுதான் பெயர், அங்கே முழங்கால் உயரத்துக்குக் கொட்டிக் கிடப்பதற்கும் பனி என்றுதான் பெயர். சொல் ஒன்றாக இருந்ததால் ஆபத்தும் ஒன்றுதான் என்று நினைத்திருக்கிறேன்.

போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் அவனுடைய கறுப்பு நிறக் கார் சாம்பல் பூசியது போல நின்றிருந்தது. நம் ஊர் போர்வெல் தண்ணீரில் கழுவிக் காயவிட்டால் படியுமே, அந்த வெள்ளைத் திட்டு போலிருக்கிறது என்று விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, சமையலறைப் பழக்கத்தில் விரலை நாக்கிலும் வைத்துவிட்டேன். உப்பு, நல்ல கரிப்பு. கதவுக்குக் கீழேயும் சக்கரத்துக்கு மேலேயும் அது ஓடு கட்டியது போலப் படிந்திருந்தது.

சாலையில் பனி உறைந்து வண்டிகள் வழுக்காமலிருக்க அங்கே உப்பைத் தூவுகிறார்கள்; அதுதான் தெறித்து வண்டியில் ஒட்டியிருந்தது. தண்ணீர் பூஜ்ஜியம் டிகிரியில் உறைகிறது. உப்பு கலந்தால் அதற்கும் கீழே போனால்தான் உறையும். நூற்றுக்கு 23 பங்கு சோற்றுப்பு கலந்த கரைசல் மைனஸ் 21 டிகிரி வரை நீராகவே இருக்கும். ஆனால் சாலையில் அந்த அளவுக்கு எதிர்பார்க்க முடியாது; மைனஸ் 10-ஐ நெருங்கும்போதே சோற்றுப்பின் வேகம் குறைந்துவிடுவதால், கடுங்குளிருக்குக் கால்சியம் குளோரைடு, மெக்னீசியம் குளோரைடு ஆகியவற்றையும் சேர்த்துத் தூவுகிறார்கள். உயிரைக் காப்பதற்காகப் போடும் உப்பு இது. வண்டி வழுக்கிக்கொண்டு எதிரே வரும் லாரியில் போய் மோதுவதைவிடத் தகரம் துருப்பிடிப்பது மேல் என்பதில் எனக்குக் கருத்து வேறுபாடு கிடையாது.

இரும்பு துருப்பிடிக்க நீரும் காற்றும் போதும். உப்பு சேர்ந்தால் அந்த ஈரம் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் திரவமாகிவிடுகிறது. துரு என்பதே அடிப்படையில் ஒரு மின்வேதி வினை என்பதால் அதன் வேகம் பல மடங்கு கூடுகிறது. உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்தாக வேண்டும் என்று நம் முன்னோர் வேறு எதற்கோ சொன்னது இங்கே எழுத்துக்கு எழுத்து பொருந்துகிறது. மழைக்காலத்தில் கல்லுப்பு ஜாடி கசிவதைப் பார்த்திருப்பீர்கள். கடலுப்பில் சிறிதளவு இருக்கும் மெக்னீசியம் குளோரைடு காற்றின் ஈரத்தை இழுப்பதால் நடப்பது அது. சாலையில் தூவும் கால்சியம் குளோரைடும் மெக்னீசியம் குளோரைடும் அதே வேலையைக் காரின் அடியில் செய்கின்றன. மேலே காய்ந்து தெரியும் வண்டி, கீழே நனைந்தபடியே கிடக்கிறது.

என் அறிவுரையிலேயே மோசமானது, கதகதப்பான இடத்தில் நிறுத்து என்றதுதான். வெளியே மைனஸ் 12-இல் நிற்கும் வண்டியின் அடியில் ஒட்டிய உப்புப் பனி பெரும்பாலும் கட்டியாகவே கிடக்கும். அந்தக் குளிரில் துருவின் வேலையும் மந்தமாகத்தான் நடக்கும். அதே வண்டியைச் சூடேற்றிய நிலவறை நிறுத்தத்தில் கொண்டுபோய் விட்டால், இரவெல்லாம் அது உருகி, தகரமும் தகரமும் சேரும் இடுக்குகளுக்குள் உப்புத் தண்ணீராக இறங்குகிறது. வெப்பம் கூடக் கூட வினையும் வேகமெடுக்கிறது. பிள்ளை நான் சொன்னதைக் கேட்டு, மாதா மாதம் வாடகை கொடுத்து அப்படி ஓர் இடத்தைப் பிடித்து வைத்திருந்தான் என்பதை நினைத்தால் இன்றும் சங்கடமாக இருக்கிறது.

இது அழகு பற்றிய கவலை மட்டுமல்ல. மெல்லிய எஃகுக் குழாய்கள் வழியாகத்தான் பிரேக் எண்ணெய் சக்கரங்களுக்குப் போகிறது. அவை காரின் அடியில், உப்புத் தண்ணீர் தெறிக்கும் பாதையிலேயே ஓடுகின்றன. 2015-இல் அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம், 2007-ஆம் ஆண்டு மாடலும் அதற்கு முந்தையவையுமான வண்டிகளை வைத்திருப்போர் இந்தக் குழாய்களில் துரு இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும் என எச்சரிக்கை விடுத்தது. குழாய் அரித்து எண்ணெய் ஒழுகி, பிரேக் மிதி அழுத்தியதும் தரை வரை இறங்கிவிட்டால் தொப்பூர் கணவாயாக இருந்தாலும் டொரன்டோவாக இருந்தாலும் கதி ஒன்றுதான்.

அந்த ஊர்க்காரர்கள் செய்வதில் இரண்டை நான் மெச்சுகிறேன். குளிர்காலம் தொடங்கும் முன்பே அடிப்பாகத்திலும் கதவுகளின் உட்குழிவுகளிலும் துருத் தடுப்பு எண்ணெயைப் பீய்ச்சி விடுகிறார்கள். குளிர் சற்றுத் தணிந்து பூஜ்ஜியத்துக்கு மேல் ஏறும் நாளில், அடியிலிருந்து மேல்நோக்கித் தண்ணீர் பீய்ச்சும் இடங்களில் வரிசையில் நின்று கழுவுகிறார்கள். பிறகு கதவு ரப்பர் உறைந்து ஒட்டிக்கொள்ளாமல் துடைத்துவிடுகிறார்கள்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். 2018-இல், ஆறு வருடம் ஓடிய ஒரு சிறிய காரை, பெயின்ட் பளபளப்பாக இருக்கிறதே என்று வாங்கினேன். கடலோர ஊரிலிருந்து வந்த வண்டி என்று பதிவு எண்ணே சொன்னது. நான்தான் அதைப் பொருட்படுத்தவில்லை. சில மாதம் கழித்து ராயக்கோட்டை சாலையில் ஒரு பட்டறையில், மெக்கானிக் கதவுக்குக் கீழே இருக்கும் பாக்ஸில் ஸ்க்ரூடிரைவரை வைத்து லேசாக அழுத்தினார். அப்பளம் நொறுங்குவது போன்ற ஓசையோடு அது பிடி வரைக்கும் உள்ளே போயிற்று. மேலே பட்டி போட்டுப் பெயின்ட் அடித்த தோல், உள்ளே சிவப்புப் பொடி. “கடல் காத்து சாப்பிட்ட வண்டிங்க சார், நம்மூரு வண்டின்னா அடியில செம்மண்ணுதான் இருக்கும்” என்றார். வெட்டியெடுத்துப் புதுத் தகடு பற்றவைக்க 32,000 ரூபாய் ஆயிற்று.

அந்த மாதிரிப் பனியே கொட்டாத மாவட்டத்தில் இருந்துகொண்டு, டொரன்டோ கார்களுக்கு வரும் அதே நோய்க்கு நான் செலவு செய்திருக்கிறேன். கடற்காற்றில் வருவதும் சாலையில் கொட்டுவதும் ஒரே குளோரைடுதான். அதனால் கடலோரப் பதிவு எண் கொண்ட வண்டியை வாங்கவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். வாட்டர் சர்வீஸ் கடையில் லிஃப்டில் ஏற்றி, மட்கார்டின் உள்விளிம்பு, கதவின் அடிவிளிம்பு, பிரேக் குழாய், சைலென்சர் மூட்டு ஆகியவற்றை டார்ச் அடித்துப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள் என்றுதான் சொல்வேன். அடிப்பாகத்துக்கு மட்டும் புதிதாகக் கறுப்புப் பூச்சு அடித்திருந்தால் இன்னும் கூடுதலாகச் சந்தேகப்படுங்கள்.

மகன் அந்த நிறுத்தத்தைக் காலி செய்துவிட்டான். நேற்றுக் காவேரிப்பட்டணத்து நண்பர் ஒருவர், தாம் வாங்கவிருக்கும் சென்னைப் பதிவு வண்டியின் படங்கள் பதினொன்றை அனுப்பி என் கருத்தைக் கேட்டார். முன்பக்கம், பின்பக்கம், சீட்டு, ஸ்டீயரிங், ஸ்டெப்னி வரை எல்லாம் இருந்தன. பன்னிரண்டாவது படத்துக்காகக் காத்திருக்கிறேன்.