ரோடா, ட்ரெட்மில்லா: எங்கே ஓடினாலும் ஒரு பஞ்சாயத்து

இன்று காலை 45 நிமிடம் வீணாய்ப் போனது. எங்கே ஓடுவது என்று யோசித்தே போனது. ஐந்தரைக்கு எழுந்து, ஷூ மாட்டி, நாடாவை இரட்டை முடிச்சு போட்டுவிட்டு ஜன்னலோரம் நிற்கிறேன். வெளியே தூறல், வரட்டுமா வேண்டாமா என்று என்னைப் போலவே தயங்கிக்கொண்டிருக்கிறது. ஜிம்முக்குப் போகலாம், ஆனால் இந்த நேரத்துக்கு அங்கே ட்ரெட்மில் காலியாக இருக்காது. ரோடா, ட்ரெட்மில்லா, ரோடா, ட்ரெட்மில்லா... ஆறேகால் ஆகிவிட்டது. குளித்துவிட்டு வேலைக்குக் கிளம்பினேன்.

தூறலும் கூட்டமும் மட்டும்தான் பிரச்சினை என்றால் சமாளித்துவிடுவேன். எங்கே ஓடினாலும் தீர்ப்பு சொல்ல ஒருவர் காத்திருக்கிறாரே, அதுதான் தாங்கவில்லை. கூட வேலை பார்ப்பவர் ஒருவர் இருக்கிறார். நான் ட்ரெட்மில்லில் ஓடினேன் என்று தெரிந்தாலே போதும், உதட்டைப் பிதுக்குவார். “மெஷின்ல ஓடறதெல்லாம் ஒரு ஓட்டமா தம்பி? பெல்ட்டே காலை இழுத்துக் குடுக்குது. நீ சும்மா தூக்கித் தூக்கி வெக்கற.”

இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டால் எனக்கு ரத்தம் கொதிக்கும்.

பெல்ட் இழுத்துக் கொடுக்கிறதாம்! அப்படியானால் 10 கி.மீ. வேகத்தில் ஓடும் பெல்ட்டின் மேல் ஏறி சும்மா நின்று பாருங்கள், எங்கே போய் விழுகிறீர்கள் என்று தெரியும். சீரான வேகத்தில் போகும் ரயிலுக்குள் பந்தைத் தூக்கிப் போட்டால் அது கைக்கே திரும்பி வருகிறது அல்லவா? கலிலியோ 1632-லேயே கப்பலின் கீழறையை உதாரணம் காட்டி இதை விளக்கிவிட்டுப் போய்விட்டார். கப்பல் சீராகப் போகிற வரை, உள்ளே இருப்பவனுக்கு அது நிற்கிறதா நகர்கிறதா என்று எந்தச் சோதனையாலும் கண்டுபிடிக்க முடியாது. பெல்ட்டும் அப்படித்தான். ரோட்டில் ஓடும்போது, என் உடம்பின் கணக்கில் தரை பின்னால் போகிறது. ட்ரெட்மில்லில் பெல்ட் பின்னால் போகிறது. வேகம் ஒன்றாக இருந்தால் காலுக்கு இரண்டும் ஒன்றுதான். ஒவ்வொரு மிதிக்கும் என் எடையைத் தூக்கி முன்னால் எறிய வேண்டியது நான்தான், மோட்டார் இல்லை.

உண்மையான வித்தியாசம் காற்று. வெளியே ஓடினால் காற்றைக் கிழித்துக்கொண்டு போக வேண்டும், உள்ளே அது இல்லை. உடனே அடுத்த மேதாவி வந்துவிடுவார்: “அந்தக் காத்துக்கு ஈடா மெஷினோட சாய்வை ஒரு சதவீதம் ஏத்தி வெச்சுட்டு ஓடணும், இல்லன்னா கணக்குல சேராது.” எல்லோருக்கும் இது மனப்பாடம், எங்கிருந்து வந்தது என்று மட்டும் யாருக்கும் தெரியாது. 1996-இல் ஜோன்ஸ், டவுஸ்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் செய்த பரிசோதனை அது. நன்றாகப் பயிற்சி பெற்ற ஓட்டக்காரர்களை மணிக்கு ஏறத்தாழ 10.5 கி.மீ. முதல் 18 கி.மீ. வரையான வேகங்களில் ஓடவிட்டு, வெளியே ஓடுவதற்கு ஆகும் சக்தியோடு ஒரு சதவீதச் சாய்வு ஒத்துப்போகிறது என்று கண்டார்கள். நான் ஓடுவது எட்டு. நல்ல நாளில் எட்டரை. என் வேகத்துக்கு எதிர்க்காற்று என்ன பெரிதாகத் தடுத்துவிடப் போகிறது? அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடுகிறவர்களின் கணக்கை மூச்சு வாங்கிக்கொண்டு ஓடுகிறவன் தலையில் கட்டாதீர்கள்.

இன்னொன்று. ட்ரெட்மில் சுலபம் என்று சொல்கிற யாரும் அதன்மேல் 40 நிமிடம் நின்றதில்லை என்று அடித்துச் சொல்வேன். வெளியே ஓடும்போது நாமே கிளப்பும் காற்று வியர்வையை உலர்த்தி உடம்பைக் குளிர வைக்கிறது. உள்ளே அந்தக் காற்று கிடையாது. வியர்வை உலராமல் கொட்டுகிறது, சூடு ஏறுகிறது, அதே வேகத்துக்கு இதயத்துடிப்பும் மெல்ல மேலே போகிறது. ஜிம்மில் மின்விசிறி ஒன்று இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. அது எடை தூக்குபவர்கள் பக்கம் திரும்பி நிற்கிறது. திருப்பி வைத்தால் ஐந்து நிமிடத்தில் பழைய இடத்துக்கே போய்விடுகிறது, யார் திருப்புகிறார்கள் என்று இதுவரை பிடிபடவில்லை.

அந்த ஆபீஸ்காரர் போன வாரம் புதுசாக ஒன்று கண்டுபிடித்து வந்தார். ட்ரெட்மில் என்பதே சிறைத் தண்டனையாக இருந்ததாம். அது உண்மைதான், மறுக்கவில்லை. 1818-இல் வில்லியம் கியூபிட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் கைதிகளுக்காக வடிவமைத்த மிதிசக்கரம் அது. படிகளை மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும், ஏறினாலும் ஏறினாலும் அதே இடம்தான். அதைக் கொடுமை என்று சொல்லி 1898-இல் பிரிட்டன் கைவிட்டது. சரி, அதனால் என்ன? 2000-ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஒலிம்பிக் மாரத்தான் தகுதிப் போட்டியில் பெண்கள் பிரிவில் ஜெயித்தவர் கிறிஸ்டின் கிளார்க். அலாஸ்காவின் குளிர்காலத்துக்குப் பயந்து பெரும்பாலும் ட்ரெட்மில்லிலேயே பயிற்சி எடுத்த மருத்துவர், இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். 2 மணி 33 நிமிடம் 31 நொடி. இதைச் சொன்னதும் ஆபீஸ்காரருக்கு அவசரமாக ஒரு போன் வந்துவிட்டது.

ரோட்டில் ஓடினால் இன்னொரு கும்பல். “முட்டி போயிடும்!” வண்டியை நிறுத்திச் சொல்லிவிட்டுப் போகிறவர்கள்கூட உண்டு. 2017-இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, முட்டியிலோ இடுப்பு மூட்டிலோ தேய்மானம் இருந்தது சும்மா ஆர்வத்துக்கு ஓடுபவர்களில் 3.5 சதவீதம் பேருக்கு, ஓடாமல் இருப்பவர்களில் 10.2 சதவீதம் பேருக்கு. போட்டிக்கென்றே ஓடுகிற பெரிய ஓட்டக்காரர்களில் அது 13.3. நான் எந்தப் பிரிவு என்று என் தொப்பையைப் பார்த்தாலே தெரியும். (ஓடியதால் மூட்டு நன்றாக இருந்ததா, மூட்டு நன்றாக இருந்தவர்கள்தான் ஓடினார்களா என்று கேட்டால், நியாயமான கேள்விதான். ஆனால் வண்டியை நிறுத்தியவர் அதைக் கேட்கவில்லை.)

ரோட்டை ரொம்பத் தூக்கிப் பேசவும் மனசு வரவில்லை. நடைபாதை என்று ஒன்று இருக்கிறது, அதில் வண்டிகள் நடக்காமல் நிற்கின்றன. ரோட்டுக்கு இறங்கினால் பின்னாலிருந்து ஹாரன். ஒரு திருப்பத்தில் ஒரு நாய். நடப்பவர்களை அது ஒன்றும் செய்வதில்லை. நான் ஓடினால்தான் துரத்துகிறது, நடந்தால் விட்டுவிடுகிறது. ஆக, அந்தத் திருப்பத்தில் என் பயிற்சித் திட்டத்தை நாய்தான் போடுகிறது.

ட்ரெட்மில்லுக்காக இவ்வளவு வக்காலத்து வாங்கினேன் அல்லவா, அதுவும் ஒரு நாள் காலை வாரிவிட்டது. மூன்று மாதம் மெஷினிலேயே ஓடிவிட்டு, நல்ல தெம்பில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மேடும் பள்ளமுமான பாதையில் இறங்கினேன். ஏறும்போது சிங்கம். இறக்கத்தில்தான் விஷயம். சரிவில் ஒவ்வொரு அடிக்கும் தொடைத்தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்க வேண்டும், எங்கள் ஜிம் மெஷினில் அந்த வேலையே கிடையாது, அது மேலே சாயும், கீழே சாயாது. இரண்டு நாள் மாடிப்படியைப் பின்பக்கமாகத் திரும்பி இறங்கினேன்.

கடைசியாக, எல்லாவற்றையும்விட என்னை எரிய வைத்தது எண்கள். மெஷின் 5 கி.மீ. என்கிறது. கைக்கடிகாரம் 4.6 என்கிறது. எதை நம்புவது? உள்ளே ஜி.பி.எஸ். உதவாது, கடிகாரம் கை வீச்சை வைத்துக் குத்துமதிப்பாகச் சொல்கிறது. கைப்பிடியைப் பிடித்தால் நான் ஓடவே இல்லை என்று நினைத்துக்கொள்ளும். வெளியே மட்டும் ஒழுங்கா? உயரமான கட்டடங்களுக்கு நடுவே நேராக ஓடிவிட்டு வந்து வரைபடத்தைப் பார்த்தால், சுவருக்குள் புகுந்து புறப்பட்டிருக்கிறேன்.

பொறுக்க முடியாமல் ஒரு நாள் சாக்பீஸும் அளவு நாடாவும் எடுத்துப் போனேன். பெல்ட்டைக் கையால் நகர்த்தி நகர்த்தி முழுச் சுற்றையும் அளந்தேன், 3.2 மீட்டர். ஓரத்தில் ஒரு கோடு போட்டேன். காலி பெல்ட்டை அளந்து பயனில்லை, ஆள் மிதிக்கும்போதுதான் அது தடுமாறும். அதனால் நண்பனை ஏற்றி, 10-இல் வைத்து ஓடச் சொல்லிவிட்டு, பக்கத்தில் குத்தவைத்து எண்ணினேன். நிமிடத்துக்கு 52 சுற்று வர வேண்டும். வந்தது 48. அதாவது மணிக்கு 9.2 கி.மீ. மூன்று முறை எண்ணினேன், மூன்று முறையும் 48. இத்தனை நாள் அந்தத் திரையைப் பார்த்து எத்தனை சந்தோஷப்பட்டிருப்பேன்!

நேரே போய்ச் சொன்னேன். முன்மேசையில் இருந்தவர் பொறுமையாகக் கேட்டார், குறித்துக்கொண்டார், “பாத்துக்கறோம் சார்” என்றார். பார்த்துக்கொண்டார்கள். மறுநாள் கோட்டைத் துடைத்துவிட்டு, மெஷினுக்கு மேலே ஒரு காகிதம் ஒட்டியிருந்தார்கள்: “பெல்ட்டில் எதையும் எழுதவோ வரையவோ கூடாது.” திரையில் இன்னும் 10 என்றுதான் காட்டுகிறது.