இடுப்பு வாதத்தின் வீடு

போன ஆடி மாதம் என் வலது கால்முட்டில் ‘டிக்’ என்று ஒரு சத்தம். புறா ஆசனத்தில் இருந்தேன். ஒரு காலை முன்னால் மடக்கி, மற்றதைப் பின்னால் நீட்டி, குனிந்து நெற்றியைத் தரையில் வைக்க வேண்டும். செல்போன் திரையில் இருந்தவர் “இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்” என்றார். நானும் கொஞ்சம் போனேன். அப்புறம் மூன்று வாரம் மாடிப்படி ஏறவில்லை.

அந்த ஆன்லைன் யோகா வகுப்பில் சேரும்போதே, ஆயுர்வேதப்படி என் உடம்பு வாதமா, பித்தமா, கபமா என்று சொல்ல இருபது கேள்வி கேட்டார்கள். தோல் எப்படி, தூக்கம் எப்படி, எடை எவ்வளவு? இரண்டு பிரசவத்துக்குப் பிறகு ஏறிய எடையை நேர்மையாக எழுதினேன். ‘உங்களுடையது கப உடல்’ என்று பதில் வந்தது. கபம் என்றால் மந்தமாம், இடுப்பைத் திறக்கும் ஆசனங்களை இடைவெளி இல்லாமல் வேகமாகச் செய்ய வேண்டுமாம். பன்னிரண்டாம் நாளே முட்டு போய்விட்டது.

நாகர்கோவிலில் அம்மை வழக்கமாகப் போகும் வைத்தியரிடம் போனேன். 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த ஊர் இது. குழம்பு என்று நாங்கள் சொல்லும் மருந்து எண்ணெயும் கஷாயமும் எங்களுக்குப் புதிதில்லை. அவர் நாடியைப் பிடித்துக்கொண்டே, “காலேஜ் படிக்கும்போது எப்படி இருந்தா?” என்று கேட்டார். ஒல்லி. பசி வந்தால் யாரையாவது கடித்துவிடுவேன். இருபத்தெட்டு வயதில் நரை. சிரித்துவிட்டார். “மக்களே, நீ பித்தக்காரி. இந்தத் தடி பிறகு வந்தது.”

இந்த ஒரு வித்தியாசத்தைத்தான் செல்போன் கேள்வித்தாள்கள் கோட்டைவிடுகின்றன. பிறவியோடு வருவது பிரகிருதி. இன்றைக்கு உடம்பு எப்படிக் கெட்டிருக்கிறதோ அது விகிருதி. எடை மெஷின் காட்டுவதை வைத்துப் பிரகிருதி சொல்வது, வெள்ளையடித்த பிறகு சுவரின் கல்லைச் சொல்வது மாதிரி.

வைத்தியர் சொன்ன இன்னொன்றுதான் இந்தப் பதிவுக்கே காரணம். வாதம் குடியிருக்கும் இடங்களை அஷ்டாங்க ஹ்ருதயம் என்ற பழைய ஆயுர்வேத நூல் வரிசையாகச் சொல்கிறது: பெருங்குடல், இடுப்பு, தொடை, காது, எலும்பு, தோல். அதாவது நீங்கள் வாதமோ பித்தமோ கபமோ, இடுப்பு வாதத்தின் வீடுதான். வாதத்தின் குணம் வறட்சி, குளிர்ச்சி, அசைவு. அதற்கு மாற்று எண்ணெய், சூடு, நிதானம். எந்த உடம்புக்காரராக இருந்தாலும் அந்த வீட்டுக்குள் பைய நுழைய வேண்டும் என்பது என் கட்சி. ஆசனத்தைப் பிரகிருதி வாரியாகப் பிரித்த அட்டவணை அந்த நூலில் கிடையாது, அது பிற்காலத்தார் சேர்த்தது. நூலில் இருப்பது வேறு: உடற்பயிற்சியைப் பாதி பலத்தோடு நிறுத்து. குளிர்காலத்திலும் வசந்தத்திலும் அந்தப் பாதி, மற்ற காலங்களில் அதைவிடக் குறைவு. மழைக்காலத்தில் வாதம் சீறும் என்றும் சொல்கிறது. நமக்கோ வருடத்துக்கு இரண்டு மழைக்காலம். நான் ஆடிச் சாரலில், ஈரத் தரையில், முழு பலத்தையும் போட்டிருக்கிறேன்!

முட்டு ஏன் போனது என்பதும் பிறகுதான் புரிந்தது. இடுப்பு மூட்டு கிண்ணத்தில் உருளும் பந்து, எல்லாப் பக்கமும் திரும்பும். முட்டு கிட்டத்தட்ட கதவுக் கீல். இடுப்பு திரும்பாத மிச்சத் திருகலைக் கீல் வாங்கிக்கொள்கிறது. போதாததற்கு அந்தக் கிண்ணத்தின் ஆழம் ஆளுக்கு ஆள் மாறும். கவட்டின் முன்பக்கம் குத்துகிற மாதிரி இருந்தால் எலும்பில் எலும்பு இடிக்கிறதாக இருக்கலாம், அதை எத்தனை வருடம் இழுத்தாலும் நீளாது.

அதற்காகப் பிரகிருதியைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. சித்தி மகள் அசல் வாத உடம்பு. முதல் நாளே சப்பாத்தி மாவு மாதிரி வளைந்தாள், எழும்போது மூட்டெல்லாம் சொடக்கு. அவளுக்கு வளைவதைவிட நிற்பதுதான் பாடம்: பட்டாம்பூச்சி ஆசனத்தில் இரண்டு தொடைக்கு அடியிலும் தலையணை, மேலே போர்வை, அசையாமல் ஐந்து நிமிடம். என் வீட்டுக்காரர் உண்மையான கபம். மழைக்குப் பால்வெட்டு நின்றால் ரப்பர் தோட்டத்துக்கும் லீவு, அவருக்கும் லீவு. அவரைப் படுக்கப்போட்டு ஆசனம் செய்யச் சொன்னால் குறட்டைதான் வரும். காலைக் கட்டன் சாயாவுக்கு முன்னால் மாலாசனத்தில், அதாவது குத்தவைத்து, பத்துத் தடவை உட்கார்ந்து எழுந்தால்தான் அவருக்குச் சாயா. எனக்கு, பித்தக்காரிக்கு, வியாதியே பக்கத்துப் பாயைப் பார்ப்பது. கண்ணை மூடிக்கொண்டு செய்கிறேன்.

எங்கள் ஆச்சி எழுபது வயதில் அரிவாள்மணைக்கு முன்னால் குத்தவைத்து மரச்சீனிக்கிழங்கு வெட்டுவாள். குதிகால் இரண்டும் தரையில், முதுகு நேராக. வெட்டி முடித்துக் கையை ஊன்றாமல் எழுவாள். அவளுடைய பிரகிருதி என்னவென்று யாரும் கேட்டதில்லை. சோபாவும் ஸ்கூட்டியும் வெஸ்டர்ன் டாய்லெட்டும் வந்து அந்த இருப்பு நம்மை விட்டுப் போய்விட்டது, அதைத்தான் இப்போது காசு கொடுத்துப் படிக்கிறோம். ஆனால் ஆச்சியின் கடைசி ஐந்து வருடம் முட்டு வலியோடுதான் போனது, அதையும் மறைக்கக் கூடாது.

இன்றைக்கும் காலையில் மழை. குழம்புப் பாட்டிலை வெந்நீர் டம்ளரில் நிற்க வைத்துச் சூடாக்கி இடுப்பிலும் தொடையிலும் தேய்த்து, அரை மணி நேரம் கழித்துப் பாயில் உட்கார்ந்தேன். வலது தொடை தரைக்கு நாலு விரல்கடை மேலேதான் நிற்கிறது. அந்த இடைவெளிக்குப் பழைய போர்வையை நாலாக மடித்து வைத்திருக்கிறேன். போன மாதம் ஆறு மடிப்பு.